மேளம் கேட்டால் கால் ஏன் சும்மா நிற்பதில்லை?

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாகப் பரதம் பழகுகிறாள். கோயிலில் மேளம் கேட்டால் தன்பாட்டில் ஆடுவாள். வகுப்பில் முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், காலைத் தரையில் தட்டும் தட்டடவு போடும்போது மட்டும் தாளத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடுகிறாள். பிள்ளைக்குத் தாளஞானம் இல்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். உண்மையில் தாளத்துக்கும் உடம்புக்கும் என்ன தொடர்பு? அது பிறவியில் வருவதா, பழகி வருவதா?”

தங்கச்சி, முதலில் மனதை ஆறுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மேளத்துக்குத் தன்பாட்டில் ஆடுகிற பிள்ளைக்குத் தாளம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்கி வருகிறேன். “இவனுக்கு வராது” என்று கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர். வராமலே போனவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. உங்கள் மகளின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், தாளமும் உடம்பும் எப்படிச் சேர்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது பெரியப்பா சாம்பல்தீவுக் கரையில் கரைவலை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் விடிய முதல் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்டால் இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து இருபது ஆட்கள். ஈர மணலில் குதிக்காலைப் புதைத்து, பின்னுக்குச் சாய்ந்து, ஒரே வரிசையாகப் பின்னுக்கு நடந்து இழுப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டில் ஓர் அடி எடுப்பார். மற்ற எல்லாரும் “ஏலேலோ” என்று வாங்குவார்கள். அந்த “லோ”வில் இருபது முதுகும் ஒன்றாகச் சாயும், கயிறு ஒரு முழம் வரும்.

என்னைக் கயிற்றின் வால்பக்கம் விட்டிருந்தார்கள். “லோ” காதில் விழுந்ததும் இழுக்கவேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அது காதில் விழும்போது மற்றவர்கள் இழுத்து முடித்துவிட்டார்கள். கயிறு என்னை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் தரமும் அப்படித்தான், இரண்டு முழங்காலும் மணலில். பெரியப்பா கிட்ட வந்து சொன்னார்: “பாட்டைக் கேட்டுப்போட்டு இழுக்காதையடா. பாட்டோட சேந்து இழு.”

அந்த ஒரு வசனத்தில் முழு விடயமும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு சத்தத்தைக் கேட்டு, அதற்குப் பதிலாகக் கையையோ காலையோ அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை ஆறுதலாகப் போட்டால் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் “த-க-தி-மி” சொன்னால் ஒரு எழுத்துக்குக் கால் செக்கன். கேட்டபிறகுதான் கால் தூக்குவது என்றால், கால் தரையில் படுகிறபோது அந்த எழுத்தின் பெரும்பங்கு கழிந்துபோயிருக்கும். அப்படி யாராலும் ஆடமுடியாது, வலையும் இழுக்கமுடியாது. ஆனால் இருபது பேர் ஒன்றாக இழுக்கிறார்கள். என்ன காரணம்? அடுத்த தட்டு எப்போது விழும் என்பது உடம்புக்கு முன்கூட்டியே தெரிகிறது. சத்தம் வருகிற இடத்துக்கு அது முன்னால் போய் நிற்கிறது.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மேசையில் விரலால் தட்டுங்கள். சரியாகத் தாளத்தில் தட்டுகிறோம் என்றுதான் நினைப்போம். சீராக விழும் ஒலிக்குத் தட்டச் சொல்லிக் கருவியால் அளந்து பார்த்த ஆய்வுகளில் விரல் ஒலிக்குச் சற்று முந்தியே விழுவது தெரிந்தது. ஒரு செக்கனின் நூறில் சில பங்குதான் அந்த முந்தல். வாத்தியம் பழகியவர்களில் அது குறைவு, பழகாதவர்களில் கூடுதல். பிந்துகிறவர்கள் மிகக் குறைவு.

சரி, இந்த முன்கணிப்பு எங்கே நடக்கிறது? காதில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். 2007-இல் ஜெசிக்கா கிரான், மத்தியூ பிரெட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாமல் படுக்கவைத்துத் தாளக் கோர்வைகளைக் கேட்கவைத்தார்கள். சீரான தட்டு உள்ளே ஓடுகிற கோர்வைகளைக் கேட்டபோது மூளையின் ஆழத்தில் இருக்கிற பேசல் கங்லியாவும், அசைவைத் திட்டமிடுகிற மேற்புறப் பகுதிகளும் கூடுதலாக வேலை செய்தன. இவை நடப்பதற்கும் கை நீட்டுவதற்கும் உரிய பகுதிகள். அதாவது கை கால் ஒன்றும் ஆடாமல் கச்சேரியில் பேசாமல் இருக்கிற ஒருவருடைய தலைக்குள்ளும் ஒரு நடை நடந்துகொண்டிருக்கிறது. தாளத்தைக் கேட்பதே அடக்கிவைத்த ஓர் அசைவு. கொஞ்சம் அசந்தால் அது காலில் வெளியே வந்துவிடும்.

நடை என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் போடவில்லை. எங்கள் தாளமுறையில் ஒரு எண்ணிக்கையை நான்காகப் பிரித்தால் சதுஸ்ர நடை, மூன்றாகப் பிரித்தால் திஸ்ர நடை. செய்யுளின் வரிக்குப் பெயர் அடி. காலுக்கும் அடி, மேளத்தில் விழுவதும் அடி. இந்தச் சொற்களை ஆக்கியவர்களுக்கு மூளைப் படம் தேவைப்படவில்லை. கோணமலையைப் பாடவந்த சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டில் பதிகத்தைத் தொடங்கியது இறைவன் காலில் கழலும் சிலம்பும் ஒலிப்பதோடுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதி தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. அதில் சத்தம் வருவது மூன்றே மூன்றில். மற்ற ஐந்தும் சத்தமில்லாத அசைவு. தாளத்தின் பத்துப் பிராணன்களில் ஒன்றான கிரியை என்பது இதுதான், ஒலியோடு கூடிய செயலும் ஒலியில்லாத செயலும். எட்டில் ஐந்து பங்கை நாங்கள் காதால் கணக்கு வைப்பதில்லை, கையின் அசைவால் வைக்கிறோம். தாளம் போடாமல் பாடச் சொன்னால் பாடகர்கள் சங்கடப்படுவதற்கும் அதுதான் காரணம்.

பிறவியில் வருவதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2005-இல் கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லோரல் ட்ரெயினர் இருவரும் ஏழு மாதக் குழந்தைகளோடு செய்தது. எந்த இடத்திலும் அழுத்தம் இல்லாத ஒரு மேளக் கோர்வையை ஓடவிட்டார்கள். அதை இரண்டிரண்டாகவும் எண்ணலாம், மும்மூன்றாகவும் எண்ணலாம். பாதிக் குழந்தைகளை இரண்டாவது தட்டுக்கு ஒருமுறை கையில் தூக்கி ஆட்டினார்கள், மற்றப் பாதியை மூன்றாவது தட்டுக்கு ஒருமுறை. பிறகு அதே கோர்வையை அழுத்தம் போட்டு இரண்டு விதமாகவும் கேட்கக் கொடுத்தபோது, ஒவ்வொரு குழந்தையும் தன்னை எப்படி ஆட்டினார்களோ அந்த வடிவத்தையே கூடுதல் நேரம் கேட்டது. கண்ணைக் கட்டிவிட்டு ஆட்டினாலும் அதுவே. ஆனால் வேறொருவர் ஆடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அந்த விருப்பம் வரவில்லை. உடம்பு ஆடியது காதில் பதிந்தது, கண் பார்த்தது பதியவில்லை.

இதை வாசித்த அன்று எனக்கு ஏணைதான் நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு காலை நீட்டி இருந்துகொண்டு, அரிசியில் கல் பொறுக்கியபடி, பெருவிரலில் மாட்டிய கயிற்றால் தம்பியின் ஏணையை ஆட்டுவா. “ஆராரோ” என்பதன் நீட்டலுக்கு ஏணை ஒரு பக்கம் போகும், அடுத்த நீட்டலுக்குத் திரும்பி வரும். எங்கள் வீட்டில் முதல் தாள வகுப்பு அங்கே நடந்திருக்கிறது. உங்கள் மகளுக்கும் அது நடந்திருக்கும்.

அதற்கும் முந்தி இருக்கிறது. 2009-இல் ஹங்கேரியில் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, நித்திரையில் இருந்த குழந்தைகளுக்கு மேளக் கோர்வை போட்டு மூளை அலைகளைப் பதிந்தார்கள். கோர்வையின் முதல் தட்டை, எங்கள் பாஷையில் சொன்னால் சமத்தை, விட்டுவிட்ட இடத்தில் மூளை “ஏதோ குறைகிறது” என்று காட்டியது. அடுத்த வருடம் வந்த இன்னோர் ஆய்வில் ஐந்து மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான 120 குழந்தைகளைப் பார்த்தார்கள். பேச்சைவிட இசைக்கும் மேளத்துக்கும் அவர்கள் கூடுதலாகக் கை கால் ஆட்டினார்கள். ஆனால் தாளத்தோடு ஒட்டி ஆடும் வல்லமை இன்னும் வரவில்லை. கொஞ்சமாவது ஒட்டிய குழந்தைகள் கூடுதலாகச் சிரித்தன. ஆகவே பதில் இரண்டுமே. ஆடவேண்டும் என்ற உந்தல் பிறவியில் வருகிறது. ஒட்டுவது பழகி வருகிறது, அதற்கு வருடங்கள் எடுக்கும்.

மற்ற உயிர்களுக்கு இது இருக்கிறதா என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்கள் கோணேசர் கோயில் மேளத்தையும் மணியையும் வருடக்கணக்காகக் கேட்கின்றன. ஒரு மானும் குளம்பால் தாளம் போட்டு நான் கண்டதில்லை. ஸ்னோபோல் என்ற கொக்கட்டூ கிளி பாட்டின் வேகத்தை மாற்றினாலும் அதற்கேற்பத் தலையை மாற்றி ஆட்டுகிறது என்று 2009-இல் நிறுவினார்கள். குரலைக் கேட்டுப் பழகிப் பேசக்கூடிய உயிர்களுக்குத்தான் இது வரும் என்று ஒரு கருத்து எழுந்தது. 2013-இல் ரோனன் என்ற கடற்சிங்கம் தாளத்துக்குத் தலையாட்டப் பழகிக்கொண்டது. அது குரல் பழகுகிற உயிராகக் கருதப்படுவதில்லை, ஆகவே அந்தக் கருத்தும் ஆட்டம் கண்டது.

மேளம் என்றால் ஏன் புல்லாங்குழலைவிடக் கால் கெதியாக எழும்புகிறது? இதில் அடிக்குரலுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, பெரிய பங்கு. மிருதங்கத்தின் இடப்பக்கம், தொப்பியில், வாசிக்க முன் ரவையைக் குழைத்து அப்புவோம். அதனால்தான் அந்தக் கும்மென்ற ஒலி வருகிறது. மார்கழியில் பிரச்சினை இல்லை. வைகாசி வெக்கையில் மண்டபத்துக் காற்றாடியின் கீழே இருந்தால் அரை மணித்தியாலத்தில் ரவை காய்ந்து தொப்பி வெறும் தோல்சத்தம் போடத் தொடங்கும். நடனத்துக்கு வாசிக்கும்போது இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தொப்பி காய்ந்ததும் ஆடுகிற பிள்ளையின் தட்டில் பாரம் குறையும். ரவையை நனைத்துக் கும்கி என்ற அந்தக் கும்மொலி திரும்பி வந்ததும் குதிக்காலும் திரும்பி வரும். தற்செயல் என்று எண்ணியிருந்தேன். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதே மக்மாஸ்டரில் ஓர் இசை நிகழ்ச்சியின்போது, காதுக்கு ஏறத்தாழக் கேட்காத அளவு தாழ்ந்த ஒலியைத் தருகிற ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை ஓடிய நேரத்தில் கூட்டம் 11.8 சதவீதம் கூடுதலாக ஆடியது. ஸ்பீக்கர் எப்போது ஓடியது என்று ஆடியவர்களுக்குத் தெரியவில்லை. உட்காதில், கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே சமநிலை உறுப்பு இருக்கிறது. உரத்த தாழ்ந்த ஒலி அதையும் தொடும். தோலும் நெஞ்சும் அதிர்வை வாங்கும். ஆகவே தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு மேளம் காதால் மட்டும் போவதில்லை.

எல்லா அடியும் சரியாகத் தட்டின்மேல் விழுந்தால் ஆடத் தோன்றும் என்றும் இல்லை. பாட்டு சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும்போது, அந்தக் காலியான முதல் இடத்தை யாராவது நிரப்பவேண்டும். கேட்கிறவரின் தலை நிரப்புகிறது. இப்படித் தள்ளி எடுக்கும் அனாகத எடுப்பில் ஒரு பாட்டுத் தொடங்கும்போது சபையைப் பாருங்கள், தலைகள் பாட்டுக்கு முன்னாலேயே விழும். தட்டிலிருந்து விலகி விழும் அடிகள் அறவே இல்லாவிட்டாலும் ஆடத் தோன்றாது, அளவு மீறினாலும் ஆடத் தோன்றாது, நடுத்தரமாக இருந்தால்தான் ஆடத் தோன்றும் என்று 2014-இல் மேளக் கோர்வைகளை வைத்துக் கேட்டறிந்த ஆய்வு சொல்கிறது. நல்ல மேளக்காரர் இதைக் கையில் வைத்திருக்கிறார். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது சந்திக்குச் சந்தி நின்று வாசிப்பார்களே, அந்த இடங்களில் கவனியுங்கள். கணக்கை எல்லை மீறிச் சிக்கலாக்கினால் சனம் கைகட்டி நின்று கேட்கும். கொஞ்சம் இளக்கினால் பின்னால் நிற்கிற பெடியன்களின் தோள் எழும்பும்.

கூடி ஆடுவது இன்னொரு விடயம். நவராத்திரி வந்தால் எங்கள் ஊரில் கும்பம். வேப்பிலை கட்டிய கும்பத்தைத் தலையில் தாங்கி, உடுக்குக்கும் பறைக்கும் இரவிரவாகத் தெருவில் ஆடுகிறவர்களைத் திருகோணமலையில் வளர்ந்த எல்லாரும் கண்டிருப்பார்கள். அந்தப் பாரத்தை மேளம் இல்லாமல் பத்து நிமிடம் தூக்கச் சொன்னால் அதே ஆள் கழுத்து நோகிறது என்பார். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஆடுகிற களிகம்பிலும் இதே கதைதான். வட்டத்தில் ஒருவர் தப்பினால் கம்பு கம்பில் விழாது, ஆகவே எல்லாருடைய உடம்பும் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துத் துடுப்பு வீரர்களைத் தனியாகவும் குழுவாகவும் ஒரே அளவு துடுப்புப் போடவைத்து, பிறகு வலி தாங்கும் அளவைச் சோதித்தார்கள். செய்த வேலை ஒன்றுதான், ஆனால் ஒன்றாகத் துடுப்புப் போட்ட நாளில் வலி தாங்கும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணிகள் அதற்குக் காரணமாகலாம் என்கிறார்கள். ஏலேலோ பாடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கயிறு இழுத்தவர்கள் அதற்குப் பிறகும் பகிடி விட்டுக்கொண்டு மீன் பிரித்தது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. இடுப்பு முறியாதது நல்லதுதான். அம்பாப் பாட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்கு உண்மையான துக்கம். அதைப் பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே யாராவது ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும்.

தாளமும் அசைவும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவர் என் சின்னையா. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இளமையில் பெரியப்பாவின் வலையில் இழுத்தவர். எழுபது தாண்டியதும் பார்க்கின்சன் நோய் வந்தது. மண்டபத்தில் ஒருமாதிரி நடப்பார். குசினி வாசல் வந்ததும் கால் ஒட்டிக்கொள்ளும். பசை பூசிய மாதிரி இரண்டு பாதமும் நிலத்தில், உடம்பு முன்னுக்குச் சரிய, முகத்தில் ஒரு வெட்கம். சின்னம்மா கையைப் பிடித்து இழுப்பா. இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

ஒருநாள் நான் அங்கே நின்றபோது இது நடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நிலைக்கட்டையில் கையால் தட்டினேன், தக-திமி, தக-திமி, நடக்கிற வேகத்தில். நாலாவது தட்டில் வலது குதிக்கால் எழும்பியது. அடுத்ததில் இடது. வாசலைத் தாண்டிக் குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். சின்னம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றா. பிறகு ஒவ்வொரு வாசலிலும் சின்னம்மா தட்டுவா. சில மாதத்தில் அதுவும் தேவைப்படவில்லை. வாசலில் ஒரு கணம் நிற்பார், உதடு அசையும், பிறகு நடப்பார். கிட்டப் போய்க் கேட்டால் மெல்லிய குரலில் “ஏலேலோ”.

இது எங்கள் வீட்டு அதிசயம் ஒன்றும் இல்லை, மருத்துவத்தில் பதிந்த விடயம். பார்க்கின்சனில் பழுதாவது டோபமீன் என்ற மூளை இரசாயனத்தை நம்பி வேலை செய்கிற பேசல் கங்லியா. ‘இப்போது அடுத்த அடியை எடு’ என்று உள்ளிருந்து வரவேண்டிய சைகை அங்கே தடைப்படுகிறது. வெளியிலிருந்து ஒரு சீரான தட்டு வந்தால், வேறு வழிகளால், சிறுமூளையையும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளையும் கொண்டு, அந்தச் சைகைக்கு ஈடுசெய்ய முடிகிறது என்று கருதுகிறார்கள். 1996-இல் அமெரிக்காவில் மைக்கேல் தௌட் குழுவினர் நோயாளிகளை மூன்று கிழமை தாள ஒலியோடு நடைபழக வைத்தபோது அவர்களின் நடைவேகம் ஏறத்தாழக் கால்பங்கு கூடியது. பாரிசவாதத்துக்குப் பிறகு நடைபழகவும் இதே முறை பயன்படுகிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இயன்மருத்துவரிடம் கேட்டு, அவருடைய சொந்த நடைவேகத்துக்கு ஏற்ற தாளத்தைப் பிடியுங்கள். கெதியான பாட்டைப் போட்டுவிட்டால் விழுந்துவிடுவார்கள். நோயை அது மாற்றாது, மருந்தை நிறுத்தக் கூடாது.

இனி உங்கள் மகள். ஒவ்வொருவருக்கும் தாமாகத் தட்டச் சொன்னால் விரும்பித் தட்டுகிற ஒரு வேகம் இருக்கிறது. 4 வயதுப் பிள்ளையிலிருந்து 95 வயது முதியவர் வரை அளந்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுபிள்ளைகளின் வேகம் கூடுதல், வயது ஏற ஏற அது மெல்ல ஆறுகிறது. பெரியவர்கள் நடக்கும்போது செக்கனுக்கு இரண்டு அடி அளவில் வைக்கிறோம். சின்னக் கால்கள் அதைவிட ஓட்டம். கோயில் மேளம் கெதிப்படும்போது அது உங்கள் மகளின் சொந்த வேகத்துக்குக் கிட்ட வருகிறது, அவள் ஆடுகிறாள். வகுப்பில் முதற்காலத்தில் “தை... யா... தை” என்று தட்டுக்குத் தட்டு நீண்ட இடைவெளி. பார்ப்பதற்கு அது இலேசு. சின்னப் பிள்ளைக்குத்தான் அது மிகக் கடினம், ஏனென்றால் இடைவெளி நீண்டால் அடுத்த தட்டு எங்கே என்று கணிப்பது சிரமம். காத்திருக்க முடியாமல் முந்துகிறாள். பெரியப்பாவின் கயிற்றில் நான் பிந்தினேன், அவள் முந்துகிறாள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், இடைவெளியை வெறுமையாக விடக்கூடாது.

எப்படி நிரப்புவது? முதலில் வாயால். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் “தகதிமி தகதிமி” என்று அவளே சொல்லட்டும், கால் மட்டும் முதல் “த”வில் விழட்டும். வாய் ஓடுகிற வேகம் அவளுடைய சொந்த வேகம், கால் விழுவது முதற்காலம். ஒரு கிழமை சத்தமாகச் சொன்னபிறகு முணுமுணுக்கச் சொல்லுங்கள், பிறகு மனதில். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் இருக்கும்போது தட்டுக்கு நடுவே முழங்காலில் ஒரு சின்னத் துள்ளல் தானாக வந்தால் ஆரம்பத்தில் தடுக்காதீர்கள். அந்தத் துள்ளல்தான் அவளுக்குக் கணக்கு. நிலை பிசகாமல் இருக்கவேண்டும் என்று ரீச்சர் சொல்வது சரி, ஆனால் தாளம் உள்ளே இறங்கிய பிறகு துள்ளல் தானாக அடங்கும்.

இரண்டாவது, நடக்கவிடுங்கள். என்னிடம் ஒரு பெடியன் வந்தான், கைத்தட்டு இரண்டு ஆவர்த்தனச் சுற்றுகூட நிற்காது. மிருதங்கத்தை எடுக்கவே விடாமல் இரண்டு மாதம் டச்சுக்குடாக் கரையில் நடக்கவைத்தேன். வலது காலுக்குக் “கிட”, இடதுக்குத் “தக”. மணல் ஈரமாக இருந்தால் பாதம் பதிகிற சத்தம் கேட்கும், அவனே அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டான். பிறகு அதே நடையில் நடந்துகொண்டே கைதட்டவைத்தேன். இன்றைக்கு அவன் மேடையில் தனி வாசிக்கிறான்.

மூன்றாவது, கைத்தொலைபேசியில் தாளச் செயலியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளை வைத்து 2009-இல் பார்த்தபோது, இயந்திரத்தோடு மேளம் தட்டுவதைவிட எதிரே இருந்த மனிதரோடு தட்டும்போது நன்றாக ஒட்டினார்கள், இரண்டரை வயதுப் பிள்ளைகள்கூட. நீங்கள் எதிரே இருந்து தட்டுங்கள். உங்களுக்குத் தாளம் தெரியாது என்று தயங்கவேண்டாம். இருவரும் சேர்ந்து தப்பிச் சேர்ந்து பிடிப்பதில்தான் அது பழகுகிறது.

தாளத்தை உண்மையிலேயே பிடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அது மிக அரிது. அவர்கள் பெரும்பாலான இசைக்கு ஒட்டமாட்டார்கள். கோயிலில் ஆடுகிற பிள்ளை அந்தக் கணக்கில் வராது. ரீச்சரோடு சண்டைக்குப் போகவேண்டாம். மூன்று மாதத்துக்கு முதற்காலத்துக்கு முன் அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தை ஆடவிட்டுப் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது தவிலுக்குத் தள்ளி நிறுத்துங்கள், கிட்ட வேண்டாம், காதுக்குக் கூடாது. ஆடு என்று சொல்லாதீர்கள். முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள். மேளம் நடையை மாற்றுகிற இடத்தில் எந்தக் கால் முதலில் எழும்புகிறது, மாறியதை எத்தனை தட்டுக்குள் பிடிக்கிறாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அதைக் கொண்டு அடுத்து எந்த அடவில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.